துப்பாக்கி உரிமையும் மாநில நீதிபதி நியமனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் துப்பாக்கிச் சண்டை என்றாலே நமக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றமும் என்.ஆர்.ஏ. என்கிற தேசிய ரைபிள் சங்கமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஒருவர் கடைக்குப் போகலாமா, கூடாதா என்பதில் மாநில நீதிபதிகளின் கையெழுத்துக்கு நிறைய வேலை இருக்கிறது. அந்த நீதிபதிகளை யார் உட்கார வைக்கிறார்கள், துப்பாக்கி உரிமைக் குழுக்கள் அதில் எங்கே நுழைகின்றன என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துப்பாக்கிக்கும் மாநில நீதிபதிக்கும் என்ன தொடர்பு? லைசென்ஸ் கொடுப்பது போலீஸ் வேலை இல்லையா?

நம் ஊரில் ஆயுத உரிமம் என்றால் கலெக்டர் ஆபீஸ், மாநகரம் என்றால் கமிஷனர் ஆபீஸ். நியூயார்க் மாநிலத்தில் நியூயார்க் நகரத்தையும் லாங் ஐலண்டையும் தாண்டிவிட்டால், பெரும்பாலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) கைத்துப்பாக்கி உரிமம் தருபவர் ஒரு நீதிபதி. வழக்கு விசாரிக்கிற அதே ஆள்தான்.

2022-இல் நாட்டையே புரட்டிப் போட்ட உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பின் வேர் இப்படிப்பட்ட ஒரு நீதிபதியின் மேசையில்தான் இருக்கிறது. ரென்சலர் கவுண்டியில் ஒருவர் 2014-இல் முழு உரிமம் கேட்டார். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்திக் கொடுத்தார்கள். 2016 கடைசியில், 'எங்கள் தெருப்பக்கம் வரிசையாகக் கொள்ளை நடக்கிறது, கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்' என்று திரும்பவும் போய் நின்றார். நீதிபதி கூப்பிட்டு விசாரித்துவிட்டு முடியாது என்றார். காட்டுப் பக்கம் போகும்போது கொண்டுபோகலாம், ஜனங்கள் புழங்கும் இடத்துக்குக் கூடாது, அவ்வளவுதான்.

1911-இல் வந்த சல்லிவன் சட்டத்தின் வழியில், 'தக்க காரணம்' காட்டினால்தான் முழு உரிமம் என்பது அங்கே விதி. காரணம் தக்கதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அந்த நீதிபதி. 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அந்த விதியையே தூக்கிவிட்டது. ஆனால் நீதிபதியின் வேலை போகவில்லை. புதுச் சட்டத்தில் 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகுதல், நன்னடத்தைக்கு நான்கு பேர் சாட்சி, நேர்காணல் எல்லாம் வந்தன. பல கவுண்டிகளில் நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இப்போதும் நீதிபதிதான்.

உரிமம் மட்டும்தானா?

இல்லை, துப்பாக்கியைப் பிடுங்குவதும் உண்டு. குடும்ப வன்முறை வழக்கில் மாநில நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போட்டால், அது குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் வரும்போது, கூட்டாட்சிச் சட்டப்படி அந்த ஆள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2024 ஜூனில் 8-க்கு 1 என்று உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. ரஹிமி என்பவரின் அந்த வழக்கும் டெக்சாஸ் மாநில நீதிமன்றம் 2020-இல் போட்ட ஓர் உத்தரவிலிருந்து கிளம்பியதுதான்.

இந்த நீதிபதிகளை நியமிப்பது யார்?

ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே பதில் கிடையாது. சில இடங்களில் ஆளுநர் பெயர் சொல்வார், மாநில செனட் ஒப்புதல் தரும். நியூ ஜெர்சி, டெலவேர் எல்லாம் இந்த வகை. மாசச்சூசெட்ஸில் இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கொண்ட ஆளுநர் குழு இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்து பேர் குழு. வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் ஆளுநரைத் தாண்டி, சட்டமன்றமே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறது. இல்லினாய், டெக்சாஸ் மாதிரி இடங்களில் நேரடித் தேர்தல். மிசூரி 1940-இல் கொண்டுவந்த முறையில் ஒரு குழு பெயர்களைச் சலித்துக் கொடுக்கும், ஆளுநர் ஒருவரை எடுப்பார், பிறகு அவர் தொடரலாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள்.

நியூயார்க்கில் இரண்டும் கலந்து கிடக்கும். உரிமம் கொடுத்த ரென்சலர் நீதிபதி தேர்தலில் வந்தவர். மாநிலத்தின் உச்ச அமர்வான அப்பீல் நீதிமன்றத்துக்கு மட்டும் 12 பேர் குழு ஏழு பெயர் வரை தரும், ஆளுநர் ஒருவரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவிக்காலம் 14 ஆண்டு, 70 வயது வரம்பு. பெயர் குழப்பம் வேறு: அந்த மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது கீழ்நிலை விசாரணை நீதிமன்றம். செய்தியை மொழிபெயர்க்கிறவர்கள் இதில் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள்.

என்.ஆர்.ஏ. நீதிபதி நியமனத்தை எப்படித் தடுக்கிறது? பணம் கொடுத்தா?

பணமும் உண்டு, ஆனால் அதன் கூர்மையான கருவி மார்க் ஷீட்தான். தேர்தல் நேரத்தில் ஒவ்வொரு அரசியல்வாதிக்கும் ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு போடுவார்கள். நியமன வாக்கெடுப்புக்கு முன்னால் செனட்டர்களுக்கு ஒரு கடிதம் போகும்: இந்த வாக்கையும் உங்கள் கிரேடில் சேர்ப்போம். அவ்வளவே. கிராமப்புறத் தொகுதிக்காரருக்கு அந்த ஒரு வரி போதும்.

ரொம்ப காலம் அவர்கள் இந்தக் கருவியை நீதிபதி நியமனத்தில் எடுக்கவில்லை. உச்ச நீதிமன்ற நியமனம் ஒன்றுக்கு முதன்முதலாக மார்க் போட்டது 2009-இல், சோனியா சோட்டோமயோருக்கு. அவர் 68-31 என்று ஜெயித்தார். மறு ஆண்டு எலெனா கேகனும் 63-37 என்று ஜெயித்தார். 'பூச்சாண்டிதான், கடிக்காது' என்று பலர் நினைத்தார்கள். அப்புறம்தான் கெயிட்லின் ஹாலிகன் வந்தார்.

யார் இந்த ஹாலிகன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

ஹாலிகன் 2001-இல் நியூயார்க் மாநிலத்தின் சொலிசிட்டர் ஜெனரல் ஆனவர். அதாவது மேல்முறையீடுகளில் மாநில அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர். அவருக்கு முன்பே, 2000-இல், அன்றைய அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மேல் ஒரு வழக்குப் போட்டிருந்தார். கள்ளத் துப்பாக்கி தெருவில் புழங்குவதற்கு நீங்களும் பொறுப்பு, இது பொதுத் தொல்லை என்பது வாதம். கீழ்நீதிமன்றம் தள்ளியது, மேல்முறையீட்டை நடத்தியது ஹாலிகனின் அலுவலகம், 2003-இல் அங்கேயும் தோல்வி. இப்படிப்பட்ட வழக்குகளையே அடைப்பதற்கு 2005-இல் நாடாளுமன்றம் தயாரிப்பாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. அந்த மசோதாவை எதிர்த்தும் ஹாலிகன் மேடையில் பேசியிருந்தார்.

2010-இல் ஒபாமா அவரை டி.சி. சர்க்யூட் நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் நீதிமன்றம் அது. காலி இடமோ, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் விட்டுப் போன நாற்காலி. என்.ஆர்.ஏ. பழைய வழக்குக் கட்டை வெளியே எடுத்தது. 'அது என் கட்சிக்காரருடைய நிலைப்பாடு, அரசு வழக்கறிஞராக வாதாடினேன்' என்பது அவர் பக்கத்துப் பதில். எடுபடவில்லை. 2011 டிசம்பர் 6 அன்று விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று கேட்டபோது 54-45. பெரும்பான்மை இருந்தது, தேவைப்பட்ட 60 இல்லை. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி ஒருவர்தான். 2013 மார்ச்சில் இன்னொரு தடவை, 51-41. அந்த மாதமே ஹாலிகன் விலகிக்கொண்டார்.

துப்பாக்கி மட்டும்தான் காரணமா? அப்படிச் சொன்னால் மிகை. அந்த நீதிமன்றத்தில் ஒபாமாவுக்கு இடம் தரக் கூடாது என்ற கட்சிக் கணக்கும் இருந்தது. ஆனால் 'எதற்காக எதிர்க்கிறீர்கள்' என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே, அதைத் துப்பாக்கி வழக்கு கொடுத்தது.

ஒரு கொசுறு: ஹாலிகன் விலகிய இரண்டே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு நாற்காலிக்கு ஸ்ரீ சீனிவாசன் 97-0 என்று ஒருமனதாகத் தேர்வானார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எதிரி கையில் கொடுக்கிற மாதிரி ஒரு வழக்குக் கட்டு இல்லாததும் ஒரு தகுதிதான் போலிருக்கிறது!

அதே ஹாலிகன் பிறகு மாநில நீதிபதி ஆனார் என்கிறார்களே?

ஆமாம். 2023 ஏப்ரல் 19 அன்று நியூயார்க் செனட் அவரை மாநில அப்பீல் நீதிமன்ற நீதிபதியாக ஏற்றுக்கொண்டது. முன்மொழிந்தவர் ஆளுநர் கேத்தி ஹோக்கல். ஆள் அதே ஆள், பழைய வழக்கும் அதே வழக்கு. வாஷிங்டனில் கதவை அடைத்த அந்தக் காகிதம் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் ஏன் செல்லவில்லை?

வாசலில் நிற்பவர்கள் வேறு. 63 பேர் கொண்ட மாநில செனட்டில் அப்போது ஜனநாயகக் கட்சிக்கு 42 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு என்.ஆர்.ஏ. போடும் எஃப் கிரேடு வலிக்கும்? சில தொகுதிகளில் அந்த எஃப்-ஐத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்தே வாக்குக் கேட்கலாம். 60 வாக்கு வேண்டும் என்ற மாதிரி விதியும் அங்கே கிடையாது. அந்த வாரம் ஹாலிகனுக்கு வந்த தொந்தரவு இடதுபக்கத்திலிருந்து: தனியார் வழக்கறிஞராக இருந்தபோது செவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்காக வேலை செய்ததைக் கிளப்பினார்கள். குடியரசுக் கட்சியினர், ஒரே பட்டியலிலிருந்து ஆளுநர் இரண்டு இடத்தை நிரப்பிய முறை செல்லுமா என்று கேட்டார்கள்.

ஹாலிகனுக்குச் சில வாரங்களுக்கு முன் அதே செனட் ஒரு நீதிபதியைத் தோற்கடித்ததே, அது துப்பாக்கியாலா?

இல்லை. ஹெக்டர் லாசாலைத் தலைமை நீதிபதியாக்க ஆளுநர் முயன்றார். 2023 ஜனவரியில் கமிட்டி 10-9 என்று தள்ளியது, பிப்ரவரி 15 அன்று முழு செனட் 39-20 என்று தள்ளியது. தொழிற்சங்கங்களும் கருக்கலைப்பு உரிமைக் குழுக்களும் அவருடைய பழைய தீர்ப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டன. அதாவது என்.ஆர்.ஏ. வாஷிங்டனில் செய்ததை இவர்கள் ஆல்பனியில் செய்தார்கள். கருவி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

நியூ ஜெர்சியில் எப்படி? நம் ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்களே.

அங்கே 2022 வரை வெளியே துப்பாக்கி கொண்டுபோக உள்ளூர் போலீஸ் தலைவர் சரி சொன்னால் மட்டும் போதாது, சுப்பீரியர் கோர்ட் நீதிபதியும் கையெழுத்துப் போட வேண்டும். 'நியாயமான தேவை' நிரூபிக்க வேண்டும் என்பதால் சாதாரண ஆளுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. புரூயன் தீர்ப்புக்குப் பிறகு 2022 டிசம்பர் 22 அன்று ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தில் உரிமம் போலீஸ் கைக்குப் போனது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு அதே நீதிபதியிடம்தான் போக வேண்டும்.

அந்த நீதிபதியை ஆளுநர் முன்மொழிந்து செனட் ஏற்க வேண்டும். எழுதாத சட்டம் ஒன்று நடுவில் இருக்கிறது, செனட்டர் மரியாதை என்பார்கள். நியமிக்கப்படுபவரின் சொந்தக் கவுண்டி செனட்டர்களில் ஒருவர் தலையாட்டவில்லை என்றால் பெயர் அப்படியே நிற்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2007-இல் தலைமை நீதிபதியாக வரவேண்டிய ஸ்டூவர்ட் ரப்னரின் பெயரே இப்படிச் சில நாள் நின்றது. எந்தக் குழுவாக இருந்தாலும், ஒரு செனட்டர் காதில் போட்டால் போதும், விசாரணை மேடைக்கே பெயர் வராது. எந்தக் குழு யாருக்காகப் பேசியது என்று வெளியே தெரியப் போவதுமில்லை. என்.ஆர்.ஏ. கடிதத்தையாவது எல்லோரும் படிக்கலாம். இதைப் படிக்க முடியாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

விளைவும் சின்னதில்லை. காலி இடங்கள் சேர்ந்துபோய், 2023 பிப்ரவரியில் சில கவுண்டிகளில் சிவில், விவாகரத்து வழக்கு விசாரணைகளையே நிறுத்திவைத்தார் தலைமை நீதிபதி. அவர்தான் அந்த ரப்னர்.

நேரடித் தேர்தல் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை அல்லவா?

வேறு பிரச்சினை வரும். 2022 ஜூலை 4 அன்று சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில் ஊர்வலத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. அந்த நவம்பரில் இல்லினாய் உச்ச நீதிமன்றத்துக்கு எலிசபெத் ராச்ஃபோர்டும் மேரி கே ஓ'பிரையனும் தேர்தலில் வென்றார்கள். இருவருக்கும் ஆளுநர் பிரிட்ஸ்கர் பக்கமிருந்து பெரிய தொகை போயிருந்தது. 2023 ஜனவரி 10 அன்று அதே ஆளுநர் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தார். வழக்கு அந்த நீதிமன்றத்துக்கே போனது. 'ஆளுநர் பணத்தில் ஜெயித்த இரண்டு பேரும் விலக வேண்டும்' என்றார் வழக்குப் போட்ட குடியரசுக் கட்சி எம்.எல்.ஏ. டேன் கால்கின்ஸ். இருவரும் மறுத்தார்கள்.

ஆகஸ்ட் 11 தீர்ப்பு: 4-க்கு 3, சட்டம் செல்லும். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராச்ஃபோர்ட். அப்படியானால் சந்தேகம் சரியா? கொஞ்சம் பொறுங்கள். ஓ'பிரையன் சட்டத்துக்கு எதிராக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஒரே ஆள் கொடுத்த பணம், ஒரே தேர்தல், இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம்.

ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஜெயிக்கவே முடியாதா?

டெலவேர் காட்டும் படம் வேறு. அரசுப் பூங்காக்களிலும் காடுகளிலும் துப்பாக்கிக்குத் தடை என்ற விதியை எதிர்த்துப் பிரிட்ஜ்வில் ரைபிள் கிளப் வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று தடையை ரத்து செய்தது. காரணம் அந்த மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பு: 1987-இல் சேர்த்த பிரிவு, தற்காப்புக்கும் குடும்பத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமல்ல, வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் ஆயுதம் ஏந்தும் உரிமை தருகிறது. ஆயுத உரிமை பற்றிப் பேசும் கூட்டாட்சி அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை விட இது அகலம். போதாததற்கு, டெலவேரில் ஒரே கட்சிக்காரர்களால் நீதிமன்றத்தை நிரப்ப முடியாது. கட்சிச் சமநிலை வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

ஹவாய் நேர் எதிர். அதன் அரசியலமைப்பில் இருக்கும் வாக்கியம் இரண்டாம் திருத்தத்தின் அச்சு நகல், காற்புள்ளி தவிர. ஆனாலும் 2024 பிப்ரவரி 7 அன்று மாநில உச்ச நீதிமன்றம், இந்த வாக்கியம் தனிமனிதருக்கு ஆயுதம் ஏந்தும் உரிமை தரவில்லை என்றது. தீர்ப்பெழுதிய டாட் எடின்ஸ், கொலைக்கருவியோடு அன்றாடம் உலாவும் வாழ்க்கை 'அலோஹா' மனப்பான்மைக்கு ஒவ்வாது என்று எழுதினார். ஒரே வாக்கியத்தை வாஷிங்டன் ஒருவிதமாகவும் ஹொனலூலு வேறுவிதமாகவும் படிக்கின்றன. யார் நாற்காலியில் இருக்கிறார் என்பது ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கலிபோர்னியா, மேரிலாந்து, மினசோட்டா, நியூ ஜெர்சி, நியூயார்க் ஆகிய ஐந்து மாநில அரசியலமைப்புகளில் இப்படி ஒரு பிரிவே கிடையாது. அயோவாவிலும் இல்லாமல்தான் இருந்தது, 2022 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாஷிங்டன் தீர்ப்பு வந்த பிறகும் மாநில நீதிபதி மீற முடியுமா?

நேராக மீற முடியாது. மாசச்சூசெட்ஸில் மின்அதிர்ச்சிக் கருவி வைத்திருந்த பெண்ணுக்கு இரண்டாம் திருத்தப் பாதுகாப்பு இல்லை என்று மாநில நீதிமன்றம் சொன்னது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, கையெழுத்தில்லாத சில பக்கத் தீர்ப்பில் அதைத் திருப்பி அனுப்பியது. ஆனால் புரூயன் கேட்பது வரலாற்று ஆராய்ச்சி: இன்றைய சட்டத்துக்கு அந்தக் காலத்தில் ஒப்பான சட்டம் இருந்ததா? எது ஒப்பு, எது இல்லை என்பதில் நீதிபதிக்குக் கையும் காலும் நீட்ட நிறைய இடம் இருக்கிறது.

சட்டமன்றமே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வர்ஜீனியாவில்?

2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் சட்டமன்றத்தைச் சுற்றி சுமார் 22,000 துப்பாக்கி ஆதரவாளர்கள் கூடினார்கள். வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று ஆளுநர் நார்தம் உத்தரவு போட்டிருந்தார். அதை எதிர்த்து வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் நீதிமன்றம் போனது. ரிச்மண்ட் நீதிபதி தடை தரவில்லை, மாநில உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆறாயிரம் பேர் போல வெறுங்கையோடு உள்ளே போனார்கள், மற்றவர்கள் துப்பாக்கியோடு வேலிக்கு வெளியே நின்றார்கள். மூன்று மாதம் கழித்து, கொரோனாவுக்காக மூடிய உள்ளரங்கச் சுடுதளத்தைத் திறக்கலாம் என்று லிஞ்ச்பர்க் நீதிபதி அதே ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஊர் நீதிபதிகளும் ஒரே சட்டமன்றம் தேர்ந்தெடுத்தவர்கள்தான்.

நியமன விசாரணையில் 'துப்பாக்கி பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று நேராகக் கேட்டுவிடலாமே?

கேட்கலாம். பதில் வராது. நாளை வரப்போகும் வழக்கைப் பற்றி இன்று வாக்குக் கொடுக்க நீதிபதிக்கு நெறிமுறை இடம் தராது. தேர்தலில் நிற்பவர் தன் கருத்தைச் சொல்லலாம் என்று 2002-இல் மினசோட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் கருத்து வேறு, வாக்குறுதி வேறு. அதனால்தான் குழுக்கள் பழைய வழக்குக் கட்டுகளைத் தோண்டுகின்றன. இதில் அடிபடுவது அரசு வழக்கறிஞர்கள். தனக்கு முன்னவர் போட்ட வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கூட அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் வாதாடியதையெல்லாம் அவர் மனசாட்சி என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கிக் கம்பெனிக்காக வாதாடியவரை எதிர்த்தரப்பு மறித்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஹாலிகனுக்குக் கிடைக்காத அந்த டி.சி. நாற்காலி என்ன ஆனது?

2013 நவம்பர் 21 அன்று, உச்ச நீதிமன்றம் நீங்கலான நீதிபதி நியமனங்களுக்கு 60 வாக்கு என்ற தடையை ஜனநாயகக் கட்சியினர் எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் பட்ரிசியா மில்லெட் 56-38 என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2011-இல் ஹாலிகனுக்கு விழுந்த வாக்கு 54.